கடல் கடந்த படையேடுகள்

தூத்துக்குடிக்கும் இலங்கையின் கல்கிசைக்கும் இடையே, மன்னார் வளைகுடாவின் அடித்தரையில், ஏறத்தாழ 320 கிலோமீட்டர் நீளமுள்ள கம்பிவடம் ஒன்று கிடக்கிறது. நம் நாட்டுப் பாரத் சஞ்சார் நிகம் நிறுவனமும் இலங்கைத் தொலைத்தொடர்பு நிறுவனமும் கூடி இட்ட அவ்வடம் 2006ஆம் ஆண்டில் பணிக்கு வந்தது. அதனுள்ளே தலைமயிர் போன்ற கண்ணாடி இழைகள் இருக்கின்றன. மனிதரின் பேச்சு, வணிகரின் கணக்கு, அரசுகளின் கடிதம், இன்னும் என்னென்னவோ ஒளியாக மாறி அவ்விழைகளின் வழியே ஓடுகின்றன. நம் முன்னோர் மூச்சடக்கி இறங்கிய முத்துப் பார்களும் இதே வளைகுடாவில்தான் உள்ளன. 1961ஆம் ஆண்டோடு இக்கரையில் சலாபம் நின்றுபோயிற்று. முத்தெடுத்த கடலில் இப்போது சொல் ஓடுகிறது.

சில மாதங்களுக்கு முன், அரபுப் பாடம் நடந்துகொண்டிருக்கையில் ‘ஸஹாப்’ என்ற சொல் வந்தது. மேகம் என்று பொருள் சொன்னேன். பின்வரிசையிலிருந்த மாணவர் ஒருவர் எழுந்து, “ஹஜ்ரத், இராணுவத்தார் தங்கள் இரகசியங்களை இப்போது மேகத்தில்தான் வைக்கிறார்களாமே, உண்மையா?” என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவர் கேட்டது உண்மைதான். அரபு நாட்டவர் இக்கலையை ‘அல்ஹவ்ஸபத்துஸ் ஸஹாபிய்யா’ என்கின்றனர். தமிழில் மேகக் கணிமை என்று எழுதுகின்றனர். பாடத்தை அன்று நடத்தி முடித்தேனாயினும், அவருக்கு முழு விடை சொல்லவில்லை. அவ்விடையைத் தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

மேகம் என்ற பெயரைக் கேட்டு வானத்தை நோக்க வேண்டா. பொருள் தரையில் இருக்கிறது. பஞ்சாலை அளவுள்ள பெரிய கட்டடங்களில் ஆயிரக்கணக்கான கணினிகளை வரிசை வரிசையாக அடுக்கி, இடைவிடாத மின்சாரமும் குளிர்ந்த காற்றும் ஊட்டி, காவல் போட்டு வைத்திருக்கிறார்கள். அதற்குத் தரவு மையம் என்று பெயர். கட்டியவர் ஒரு கம்பெனியார். அதில் இடம் வாடகைக்கு எடுப்போர் உலகெங்கும் உள்ளவர்கள். நம் பகுதியின் பழைய வழக்கம் ஒன்றை நினைத்தால் இது எளிதில் விளங்கும். சலாபக் காலத்தில் அரசாங்கத்தார் கரையில் ‘கொட்டு’ என்னும் வேலியிட்ட அடைப்பைக் கட்டுவார்கள். படகுகள் கொண்டுவந்த சிப்பிகளை அங்கே குவித்து, எண்ணி, பங்கிட்டு, ஏலம் விடும்வரை காவல் வைப்பார்கள். ஆங்கிலேயர் காலத்து இலங்கைச் சலாபங்களில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கே குளித்தவருக்கு. கடலின் அடிவரை சென்று எடுத்தவன் குளிகாரன். ஆனால் தன் சிப்பிக்குள் என்ன இருக்கிறது என்று அறியாமலே அதைக் கொட்டில் வைத்துவிட்டு நிற்பான். கொட்டின் வாசல் வேறொருவர் கையில்.

படைகள் ஏன் பிறரின் கொட்டைத் தேடிப் போகின்றன? காரணம் அளவுதான். முன்பு ஒற்றன் ஒருவன் கொண்டுவந்த செய்தி ஒரு தாளில் அடங்கும். இன்று ஆளில்லா விமானம் ஒன்று ஒரு நாள் வட்டமிட்டு எடுக்கும் படத்தையும், ஒரு நகரத்தின் தொலைபேசிப் பேச்சு முழுவதையும் பதிவு செய்து வைக்க எந்த இராணுவத்தின் சொந்தக் கிடங்கும் போதுமானதாக இல்லை. வைத்தால் மட்டும் போதாது; அதிலிருந்து வேண்டியதை நொடியில் தேடியெடுக்க வேண்டும், வேற்று மொழியை இயந்திரத்தால் பெயர்க்க வேண்டும். அத்தகைய இயந்திரங்களைப் பெருமளவில் வைத்திருப்போர் அமெரிக்கக் கம்பெனியார் சிலரே.

படைக்கு ஏடு வேண்டும் என்பது புதிய செய்தியன்று. ஹிஜ்ரி 20ஆம் ஆண்டளவில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ‘தீவான்’ என்னும் பதிவேட்டை ஏற்படுத்தி, வீரர்களின் பெயர், குலம், உதவித்தொகை ஆகியவற்றை எழுதச் செய்தார்கள். நம் நாட்டில் திவான் என்று அமைச்சருக்கு வழங்கிய பெயர் இச்சொல்லிலிருந்து வந்ததே. ஆனால் பலர் கவனிக்காத ஒன்றுண்டு. வீரர்களின் பெயரேடு அரபியில் இருந்தது. வரி, வருவாய் பற்றிய ஏடுகளோ சிரியாவில் கிரேக்க மொழியிலும் ஈராக்கில் பாரசீக மொழியிலும், அம்மொழி எழுத்தர்களின் கையிலேயே இருந்துவந்தன. படைக்குச் சம்பளம் கொடுக்கும் பணம் எவ்வளவு என்பதை ஆட்சியாளர் அறிய வேண்டுமானால் பிறருடைய எழுத்தைப் பிறர் படித்துச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய அரை நூற்றாண்டு இந்நிலை நீடித்தது. ஹிஜ்ரி முதல் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கலீஃபா அப்துல் மலிக் காலத்தில்தான் அவ்வேடுகள் அரபிக்கு மாற்றப்பட்டன. பலாதுரி தம் ‘ஃபுதூஹுல் புல்தான்’ நூலில் இதற்குத் தனிப் பகுதியே ஒதுக்கியிருக்கிறார். ஒரு பேரரசு நாடுகளை வென்ற பிறகும் தன் கணக்கேட்டை வெல்லப் பல்லாண்டுகள் ஆயின.

நம் கரையோ இதன் மறுபக்கத்தை அறிந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இந்துமாக் கடலுக்குள் வந்தபின், எந்தக் கப்பலும் அவர்களிடம் சீட்டுப் பெறாமல் ஓடக்கூடாது என்றனர். கப்பலின் பெயர், தலைவன் பெயர், கொள்ளளவு, ஆட்கள், ஆயுதங்கள், புறப்படும் துறை, சேரும் துறை எல்லாம் அதில் எழுதப்படும். மிளகு ஏற்றக்கூடாது என்ற தடையும் அதிலேயே இருக்கும். சீட்டில்லாத கப்பல் கொள்ளைப் பொருள். அச்சீட்டுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘கார்த்தாஸ்’. அது தாளைக் குறிக்கும் ‘கிர்தாஸ்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது என்பர் மொழியறிஞர். நம்மவர் சொல்லையே எடுத்து நம்மவர் கப்பலுக்கே பூட்டாகப் போட்டார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வருத்தமும் ஒன்றாக வருகின்றன. பொன்னானியின் ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் அவர்கள் ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ நூலில் இச்சீட்டுக் கொடுமையை எழுதி வைத்திருக்கிறார்கள். காயலிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் தலைமுறை தலைமுறையாகக் கடலோடிய மரைக்காயர்கள் தம் கடலில் செல்லப் பிறர் கோட்டையில் எழுதிய தாளை ஏந்த வேண்டியதாயிற்று. 1538ஆம் ஆண்டில், மண்டபத்துக்கு அருகேயுள்ள வேதாளையில் சாமூதிரியின் மரைக்காயர் படை தோற்றபின் இக்கரையில் எதிர்ப்பு ஒடுங்கிற்று. 1658இல் தூத்துக்குடியைப் பிடித்த ஒல்லாந்தரும் சீட்டு முறையைக் கைவிடவில்லை.

கார்த்தாஸ் என்பது பீரங்கியைவிட மலிவான ஆயுதம். கடல் முழுதும் கப்பல் நிறுத்திக் காவல் காக்க எந்த அரசாலும் முடியாது. யார் எங்கே போகிறார் என்னும் ஏடு தன் கோட்டையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஏட்டில் இல்லாதவன் பகைவன். ஏட்டில் உள்ளவன் அடங்கியவன்.

தாளுக்குப் பின் கம்பி வந்தது. 1858ஆம் ஆண்டிலேயே இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கடலடித் தந்தி இணைப்பு ஏற்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் வட இந்தியாவில் மூண்ட கிளர்ச்சியை அடக்கத் தந்தி எவ்வளவு உதவிற்று என்பதை ஆங்கிலேயர் நன்கு கண்டிருந்தனர். 1870இல் சூயஸ், ஏடன் வழியாகப் பம்பாய்க்கும், அடுத்த ஆண்டில் சென்னையிலிருந்து பினாங்குக்கும் கம்பி போயிற்று. இவற்றை இட்டவை தனியார் கம்பெனிகள் என்பது நினைவில் வைக்கத்தக்கது. பருத்தி விலையும் படை நகர்வும் ஒரே கம்பியில் அடுத்தடுத்துச் சென்றன. ஆனால் பிரிட்டிஷார் ஒன்றில் தெளிவாக இருந்தனர். தம் படைச் செய்தி பிறர் மண்ணைத் தொட்டுச் செல்லக்கூடாது. அதற்காகவே, தம் கொடி பறக்கும் நிலங்களை மட்டும் தொட்டு உலகைச் சுற்றிவரும் கம்பி வழியை அமைத்தனர்; பசிபிக் கடல் கம்பியோடு 1902இல் அது நிறைவுற்றது. தேசப்படத்தில் அவர்கள் நாடுகளுக்குச் சிவப்பு நிறம் தீட்டுவது வழக்கமாதலால் அதனைச் செவ்வழி என்றனர்.

அதன் பயன் 1914இல் விளங்கிற்று. ஆகஸ்டு 5ஆம் நாள், போர் தொடங்கிய மறுநாள் காலையிலேயே, பிரிட்டிஷ் கம்பிக் கப்பல் ஒன்று ஜெர்மானியரின் கடலடிக் கம்பிகளை அறுத்தெறிந்தது. அதன்பின் ஜெர்மனி அயல்நாட்டுடன் பேசப் பிறர் கம்பியை நாட வேண்டியதாயிற்று. 1917 சனவரியில் அதன் வெளியுறவு அமைச்சர் ஸிம்மர்மான் மெக்ஸிகோவுக்கு ஓர் இரகசியத் தந்தி விடுத்தார். அமெரிக்காவோடு போர் மூண்டால் தம் பக்கம் சேருமாறு மெக்ஸிகோவை அழைக்கும் தந்தி அது. அது சென்றதோ அமெரிக்கத் தூதரகம் இரவல் கொடுத்த கம்பி வழியாகவே! அக்கம்பி இலண்டனைத் தொட்டுச் சென்றது. பிரிட்டிஷ் கடற்படையின் குறியீட்டு அறையில் அது படிக்கப்பட்டது. சில மாதங்கள் கழித்து அமெரிக்கா போரில் இறங்க அதுவும் ஒரு காரணமாயிற்று. ‘இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்’ என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வது ஸிம்மர்மானுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

எம்டனை நம் மக்கள் அறிவர். சூழ்ச்சிக்காரனை ‘அவன் எம்டன்’ என்று சொல்லும் வழக்கு இன்றும் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த அந்த ஜெர்மானியக் கப்பல் எங்கே அழிந்தது என்பது பலருக்குத் தெரியாது. நவம்பர் 9ஆம் நாள் கொக்கோஸ் தீவுகளிலுள்ள கம்பி நிலையத்தை அழிக்கத் தன் வீரர்களைக் கரையிறக்கியது. நிலையத்து ஊழியர் அதற்குள் அபாயச் செய்தியை அனுப்பிவிட்டனர். ‘ஸிட்னி’ என்னும் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் விரைந்து வந்து எம்டனை முடித்தது. கரையிலிருந்த வீரர்கள் அங்கே கிடந்த பாய்மரக் கப்பல் ஒன்றைக் கைப்பற்றித் தப்பினர். அக்கப்பலின் பெயர் ‘ஆயிஷா’. பின்னர் வேறொரு கப்பலுக்கு மாறி யமனின் ஹுதைதாவில் இறங்கி, ஹிஜாஸ் பாலைவனத்தில் அடிபட்டு, 1915இல் இஸ்தான்புல் சேர்ந்தனர். இக்கதை நம் கட்டுரைக்குச் சற்று விலகியதே. ஆனால் பெரும் போர்க்கப்பல் ஒன்று ஒரு சிறு தீவின் கம்பி அறையைத் தேடிப்போய் உயிரைவிட்டது என்பது விலகியதன்று.

இனி மேகத்துக்கு வருவோம்.

2013ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒற்றாடல் துறையான சி.ஐ.ஏ., அமேஸான் கம்பெனியோடு 60 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது. புத்தகம் விற்கத் தொடங்கிய கம்பெனி ஒற்றர்களின் ஏடுகளைக் காக்கலாயிற்று. 2019இல் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை 1,000 கோடி டாலர் வரையிலான மேகக் கணிமை ஒப்பந்தத்தை மைக்ரோஸாஃப்ட்டுக்குக் கொடுத்தது. அமேஸான் வழக்காட, 2021இல் அது கைவிடப்பட்டது. 2022 டிசம்பரில் அமேஸான், கூகுள், மைக்ரோஸாஃப்ட், ஆரக்கிள் ஆகிய நால்வருக்கும் சேர்த்து 900 கோடி டாலர் வரை மதிப்புள்ள புதிய ஒப்பந்தம் அளிக்கப்பட்டது. அமெரிக்கா தன் நாட்டுக் கம்பெனியாரிடம் கொடுக்கிறது. அதன் சட்டம், அதன் நீதிமன்றம், அதன் மண். பிற நாடுகளுக்கு அவ்வசதி இல்லை. அவர்களுடைய ஏடுகளே கடல் கடக்கின்றன.

உக்ரேனின் கதையைப் படிப்போர் எவரும் கல்மனத்தராக இருக்க முடியாது. அந்நாட்டுச் சட்டம் அரசின் ஏடுகள் நாட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றிருந்தது. 2022 பிப்ரவரி 17ஆம் நாள் அச்சட்டத்தை மாற்றினர். ஒரு வாரத்தில் ரஷ்யப் படை நுழைந்தது. நிலப் பதிவு, வரி, கல்வி, வங்கி ஆகியவற்றின் ஏடுகளைப் பெட்டி போன்ற கருவிகளில் படியெடுத்து எல்லை கடத்தினர். அவ்வாண்டு முடிவதற்குள் 10 பெட்டாபைட்டுக்கு மேல் அமேஸானின் கிடங்குகளுக்குச் சென்றது. ஒரு பெட்டாபைட்டு என்பது ஏறத்தாழ பத்து இலட்சம் ஜிகாபைட்டு. போரின் தொடக்கத்தில் ரஷ்ய ஏவுகணையொன்று அரசின் தரவு மையத்தைத் தாக்கிற்று. ஏடுகளோ அதற்குள் வெளியேறிவிட்டன. 2023 பிப்ரவரியில், களத்தில் பகைவன் எங்கே நிற்கிறான் என்று படையினருக்குக் காட்டும் ‘டெல்டா’ என்னும் அமைப்பின் மேகக் கிடங்கையும் நாட்டுக்கு வெளியே வைக்க அந்நாட்டு அரசு அனுமதித்தது. தன் மண்ணைக் காக்கும் படை, தன் கண்ணை அயல் மண்ணில் வைத்திருக்கிறது.

இதனை நான் குறைகூற மாட்டேன். வீடு தீப்பற்றும்போது பெட்டியை அண்டை வீட்டில் போடாதவர் யார்? ஆனால் பெட்டியைக் கொடுப்பதற்கு முன்பே உறுதி எழுதி வாங்கிய நாடு ஒன்றும் உண்டு. அது எஸ்தோனியா. 2007இல் கணினித் தாக்குதலால் நிலைகுலைந்த அச்சிறு நாடு, 2017இல் லக்ஸம்பர்க்கோடு உடன்படிக்கை செய்துகொண்டது. லக்ஸம்பர்க் தரவு மையத்தில் எஸ்தோனிய ஏடுகள் இருக்கும் அறைக்குத் தூதரகத்துக்குரிய காப்பு உண்டு. எஸ்தோனியாவின் இசைவின்றி லக்ஸம்பர்க் காவலர் அதனுள் காலடி வைக்க முடியாது. அமானிதத்தைப் பற்றி நம் ஃபிக்ஹு கிதாபுகளில் படித்தவர்களுக்கு இந்த முன்யோசனை அழகாகவே தோன்றும்.

மற்ற ஏடுகளுக்கு இக்காப்பு இல்லை. 2013இல் போதைப்பொருள் வழக்கொன்றில் ஒருவரின் மின்கடிதங்களைக் கேட்டு அமெரிக்க நீதிமன்றம் மைக்ரோஸாஃப்ட்டுக்கு ஆணையிட்டது. கடிதங்கள் இருந்ததோ அயர்லாந்தின் டப்ளின் நகரில். அயல் மண்ணிலுள்ளதைத் தர இயலாது என்று கம்பெனி வழக்காடி 2016இல் மேல்முறையீட்டில் வென்றது. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கும்போதே, 2018 மார்ச்சில் அமெரிக்கா புதுச் சட்டம் இயற்றிவிட்டது. தன் சட்டத்துக்குட்பட்ட கம்பெனி, ஏடு உலகில் எங்கிருந்தாலும், முறையான ஆணை வந்தால் தர வேண்டும் என்பது அதன் சாரம். அச்சட்டத்தின் நீண்ட பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் மேகம் என்றே வரும். சட்டம் எழுதியவர்களும் சிலேடை அறிந்தவர்களே. ஆகவே ஏடு எந்த மண்ணில் கிடக்கிறது என்று மட்டும் பார்ப்பது போதாது. கிடங்கின் சொந்தக்காரர் எந்த அரசுக்குத் தலைவணங்குகிறார், சாவி யாரிடம் என்பவற்றையும் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் சாவி திருகப்பட்டதற்கு அண்மைச் சான்று உண்டு. குஜராத்தின் வாடினாரில் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பாலை நடத்தும் நயாரா கம்பெனியில் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்டுக்குப் பாதிக்குச் சற்றுக் குறைந்த பங்குண்டு. 2025 சூலையில் ஐரோப்பிய ஒன்றியம் அதன்மீது தடை விதித்தது. சில நாட்களில், அமெரிக்கக் கம்பெனியான மைக்ரோஸாஃப்ட் அதன் மின்னஞ்சலையும் பிற சேவைகளையும் நிறுத்திற்று. இந்தியாவோ அமெரிக்காவோ அத்தடையை விதிக்கவில்லை. நயாரா டில்லி உயர்நீதிமன்றத்தை நாடியது. மாத இறுதிக்குள் சேவை மீண்டது. பணம் கட்டி வாங்கிய உரிமை, ஆலை நம் மண்ணில், ஊழியர் நம் மக்கள். ஆயினும் ஒரு காலையில் அவர்கள் தங்கள் கடிதங்களையே திறக்க முடியாமல் நின்றார்கள். சீட்டில்லாமல் துறையில் நிறுத்தப்பட்ட மரைக்காயர் கப்பல் என் நினைவுக்கு வந்தது.

அரசு இதனை உணராமலில்லை. 2014இல் ‘மேகராஜ்’ என்னும் பெயரில் அரசுக்கென்று தனி மேகக் கிடங்கு தொடங்கப்பட்டது. 2008 நவம்பரில் மும்பைக்குள் கடல்வழி வந்த கொலைகாரர்களின் படிப்பினையால், கடற்படை, கடலோரக் காவற்படை ஆகியவற்றின் 51 நிலையங்களை இணைத்துக் கரையோர ரேடார் செய்திகளைக் குருகிராமில் ஒன்றுசேர்க்கும் மையமும் அதே ஆண்டில் அமைந்தது. 2018 டிசம்பரில் அங்கேயே இந்துமாக் கடல் நாடுகளோடு வணிகக் கப்பல்களின் நடமாட்டச் செய்தியைப் பகிரும் மையம் திறக்கப்பட்டு, நட்பு நாடுகளின் அதிகாரிகளும் வந்தமர்ந்தனர். 2024 ஆகஸ்டில் ஓர் இலட்சம் மீன்பிடிப் படகுகளில் இஸ்ரோவின் செயற்கைக்கோளோடு பேசும் கருவியைப் பொருத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. ஒக்கிப் புயல் 2017இல் தென்கரைக்குச் செய்ததைக் கண்டவர் எவரும் அக்கருவியை வேண்டாமென்னார். புயலையும் எல்லையையும் அது முன்கூட்டி அறிவிக்கும். அதே கருவி, படகு எங்கே நிற்கிறது என்பதையும் ஏட்டில் எழுதும். அந்த ஏடு நம் நாட்டின் கையிலிருப்பது ஆறுதல். அந்த ஏட்டை யார் யார் புரட்டலாம் என்பதும் எழுதப்பட்டுச் சம்மாட்டிகளுக்குச் சொல்லப்பட வேண்டும் என்பது என் எண்ணம்.

நமக்கு அண்டையிலுள்ள தென்காசியின் மத்தளம்பாறையில் இயங்கிவரும் ஸோஹோ கம்பெனியின் மின்னஞ்சல் அமைப்புக்கு மத்திய அரசு ஊழியர் ஏறத்தாழ 12 இலட்சம் பேரின் கணக்குகள் மாற்றப்பட்டதாக 2025இல் செய்தி வந்தது. அதைப் படித்தபோது 1906ஆம் ஆண்டின் தூத்துக்குடியை எண்ணினேன். கொழும்புக்குப் பிறர் கப்பலில் மட்டுமே போகலாம் என்றிருந்த காலத்தில், வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் 8,000 பங்குகளை இரண்டு இலட்ச ரூபாய்க்கு வாங்கி அதற்கு முதுகெலும்பானார். கட்டணத்தைத் தரைமட்டமாக்கி வெள்ளைக் கம்பெனி அதனை நசுக்கியது. 1908இல் சிதம்பரனார் சிறை புகுந்தார். சொந்தக் கப்பல் என்பது விலை மலிவுக்காக எழுந்த ஆசையன்று என்பதை அன்றைய பங்குதாரர் அறிந்திருந்தனர். தூத்துக்குடித் துறைமுகம் இன்று அவர் பெயரையே தாங்குகிறது.

மாணவரின் கேள்வி என்னை உறுத்தியதற்கு உண்மையான காரணம் இனி வருவது. 2021இல் இஸ்ரேல் அரசு கூகுள், அமேஸான் இருவரோடும் ஏறத்தாழ 120 கோடி டாலர் மேகக் கணிமை ஒப்பந்தம் செய்தது. அதன் பாதுகாப்புத் துறையும் அதிலடக்கம். எதிர்த்துக் கிளர்ந்த ஊழியர் ஏறக்குறைய ஐம்பது பேரை 2024 ஏப்ரலில் கூகுள் வேலைநீக்கம் செய்தது. 2025 ஆகஸ்டில் இலண்டனின் ‘கார்டியன்’ நாளிதழும், இஸ்ரேலிலிருந்து வெளிவரும் இரு இதழ்களும் சேர்ந்து இன்னொரு செய்தியை வெளியிட்டன. இஸ்ரேலிய இராணுவத்தின் ஒற்றாடல் பிரிவான 8200, காஸாவிலும் மேற்குக்கரையிலும் வாழும் பாலஸ்தீனரின் தொலைபேசிப் பேச்சுகளை 2022 முதல் பெருமளவில் பதிவு செய்து, மைக்ரோஸாஃப்ட்டின் மேகக் கிடங்கில் வைத்து வந்தது என்பதே அது. அக்கிடங்கு இருந்த இடம் நெதர்லாந்து. பகைவர் பேச்சு மட்டுமா அதில் இருந்தது? பொதுமக்கள் பேச்சை ஒட்டுமொத்தமாக அள்ளிவைத்து, வேண்டும்போது பின்னோக்கிச் சென்று கேட்கும் முறை அது என்று அவ்விதழ்கள் எழுதின. வெங்காய விலை பேசிய பேச்சும், மகளின் நிக்காஹ் பேசிய பேச்சும், நோயுற்ற தந்தையை விசாரித்த பேச்சும் அதிலே இருக்கும். குண்டு விழும் இடத்தைத் தேர்ந்தெடுக்கவும் அப்பதிவுகள் பயன்பட்டதாக அப்பிரிவைச் சேர்ந்தவர்களே இதழாளர்களிடம் சொன்னார்கள்.

தங்கள் கிடங்கில் என்ன வைக்கப்பட்டது என்று தங்களுக்குத் தெரியாது என்றது கம்பெனி. கொட்டுக் காவற்காரன் சிப்பிக்குள் பாராதது போல என்று கொள்ளலாம். விசாரணை நடத்தி, செப்டம்பர் 25ஆம் நாள், செய்தியின் சில பகுதிகளுக்குச் சான்று கிடைத்ததென்று கூறி, அப்பிரிவுக்கு அளித்துவந்த சில சேவைகளை நிறுத்திற்று. இஸ்ரேலிய இராணுவத்தோடு அதன் மற்ற உடன்பாடுகள் தொடர்ந்தன. நெதர்லாந்திலிருந்த பதிவுகள் செய்தி வெளியான சில நாட்களிலேயே வேறிடத்துக்கு மாற்றப்பட்டதாக அதே ‘கார்டியன்’ எழுதியது.

மறுவாரம் அம்மாணவரை அழைத்து இவ்வளவையும் சொன்னேன். அவருடைய தமையனார் தம்மாமில் வேலை பார்க்கிறார். தாயார் இரவு தோறும் அவரோடு பேசுவார். “அந்தப் பேச்சை மறுபடி கேட்க வேண்டுமென்றால் அந்தச் சனங்கள் யாரிடம் போய்க் கேட்பது, ஹஜ்ரத்?” என்றார். பதிவுகள் இப்போது எந்தக் கிடங்கில் என்பதே தெரியவில்லை என்றேன்.